புத்தொழில் எங்கே வேர் பிடிக்கும்? அம்பத்தூர் பட்டறைகள் சொல்லும் பாடம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் உள்ளது பருத்திப்பட்டு. பெயரில் பருத்தி இருக்கிறது. ஊரில் இன்று பருத்தி இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கல்லூரியும் கடைகளும்தான் இருக்கின்றன. பழைய நாளை நினைவூட்ட சுமார் 87 ஏக்கர் ஏரி மிஞ்சியிருக்கிறது. கழிவுநீர் சேர்ந்து கெட்டுக்கிடந்த அந்த ஏரியைச் சீரமைத்து, 2019-ல் கரையில் பூங்கா திறந்தார்கள்.

இந்த ஊரிலிருந்து கிழக்கே போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. மேற்கே போனால் திருவள்ளூர் மாவட்டத்தின் நெல் வயல்கள். இரண்டுக்கும் நடுவே நின்று யோசிக்க வேண்டிய ஒரு விஷயத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மேற்கே உள்ள ஒரு கிராமத்துக்கு வயலாய்வுக்குப் போயிருந்தேன். கத்தரி வயலின் ஓரத்தில் ஒரு குழாய் நட்டிருந்தது. அதன் தலையில் சிறிய சூரியத் தகடு. மண்ணின் ஈரத்தை அளந்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி அது. "எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் வேலை செஞ்சுது சார். கம்பெனிய மூடிட்டாங்க. இப்போ ஆப்பைத் திறந்தா சும்மா சுத்திக்கிட்டே இருக்கு" என்றார் அந்த விவசாயி. அவரைப் பார்த்து அதே ஊரில் இன்னும் நான்கு பேர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். கருவியில் கோளாறு இல்லை. அதன் பின்னால் இருந்த நிறுவனம்தான் இல்லை.

ட்ரோன் தெளிப்பு, ஈரப்பத உணர்வி, விளைபொருளை வாங்கும் செயலி, வாடகை இயந்திரம் என்று நகரத்தில் தொடங்கும் புத்தொழில் நிறுவனங்கள் இன்று உங்கள் வரப்பு வரை வந்துவிட்டன. நம்மவர்கள் இவற்றை 'ஸ்டார்ட்-அப்' என்கிறோம். ஒரு நகரத்தில் இவை ஏன் நிலைக்கின்றன, ஏன் மூடிப்போகின்றன என்பது நகரத்துக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. அடுத்த போகத்தில் அந்த நிறுவனம் இருக்குமா என்பது உங்கள் பணத்தைப் பொறுத்த கேள்வி.

பெரிய ஆலையின் நிழலில் வளர்ந்த சிறு பட்டறைகள்

இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலம் அது. 1960-களில் அம்பத்தூரிலும் பெரிய அளவில் தொழிற்பேட்டை அமைந்தது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. பக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960 முதல் 1962-க்குள் அடுத்தடுத்துத் தோன்றின.

அரசு இடம் கொடுத்தது, மின்சாரம் கொடுத்தது, ஷெட் கட்டிக் கொடுத்தது. ஆனால் ஷெட் கட்டிக் கொடுத்த எல்லா ஊரும் அம்பத்தூர் ஆகிவிடவில்லை. பூட்டிக் கிடக்கும் தொழிற்பேட்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்பத்தூரில் வேறு ஒன்று கூடுதலாக இருந்தது. ஒரு லேத் வைத்துப் பட்டறை தொடங்கியவருக்குச் சைக்கிள் தூரத்தில் வாங்குபவர் இருந்தார்.

அவர் வெறும் வாங்குபவர் அல்ல. "இந்த அளவில் நூறு புஷ் செய்து கொண்டுவா" என்று வரைபடம் கொடுப்பார். அளவு தவறினால் அன்றே திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்று காட்டுவார். சரியாக வந்தால் பணம் கொடுத்து, அடுத்த மாதம் ஐந்நூறு கேட்பார். பட்டறைக்காரர் இப்படித்தான் தொழிலைக் கற்றார். கடன் கொடுக்கும் வங்கி, ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள், கருவிகளைச் சாணை பிடித்துத் தருபவர், பழைய இயந்திரம் விற்பவர் எல்லோரும் பிறகு தாமாக வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே முதல் பாடம் இது. புதிய தொழிலுக்கு முதலீட்டைவிட முதலில் வேண்டியது, பக்கத்திலேயே இருந்து, காசு கொடுத்து வாங்கி, குறையை முகத்துக்கு நேரே சொல்லும் முதல் வாடிக்கையாளர்.

வெளியே போனவர் எதிரி அல்ல

இரண்டாவது பாடம், வேலை கற்றவர் வெளியே போய்த் தனியாகத் தொடங்க முடிய வேண்டும். பெரிய ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர் வெளியே வந்து பட்டறை போடுவார். அவரிடம் வேலை கற்ற பையன் பத்து ஆண்டில் எதிர்த் தெருவில் இன்னொரு பட்டறை போடுவான். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்டால்தானே தூர் கட்டும்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்ததும் இதுதான். 1957-ல் எட்டுப் பேர் ஒரு நிறுவனத்திலிருந்து விலகி ஃபேர்சைல்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் இருவர் 1968-ல் அதிலிருந்தும் விலகி இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேலையை விட்டவர் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று கட்டிப்போடும் ஒப்பந்தம் அந்த மாநிலத்தில் செல்லாது. 1872-ல் வந்த சட்டம் அது. நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டமும் அதே 1872-ல் வந்ததுதான். அதன் 27-வது பிரிவும் இதையே சொல்கிறது.

சென்னையின் மென்பொருள் துறையிலும் இதைப் பார்க்கலாம். 1996-ல் தொடங்கி இன்று ஜோஹோ என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர் கிரீஷ் மாத்ருபூதம். அவர் வெளியே வந்து 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரு வேரிலிருந்து பக்கக் கன்றுகள் வருவதுபோல, ஒரு நல்ல நிறுவனத்தைச் சுற்றித்தான் மற்றவை முளைக்கின்றன.

ஒரே கையை நம்பினால்

மூன்றாவது பாடம் கசப்பானது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் ஆலைகள் அதே வளாகத்திலேயே வந்தன. சுற்றியுள்ள கிராமங்களின் பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. அதை நம்பி இருந்த பாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே உற்பத்தியை நிறுத்தியது. பிற்பாடு பாக்ஸ்கான் வேறு வாடிக்கையாளருக்காகத் திரும்பி வந்தது. இன்று அங்கே ஐபோன் தயாராகிறது. ஆனால் நடுவில் வேலை இழந்தவர்களின் ஆண்டுகள் திரும்பவில்லை.

ஒரே வாங்குபவரை நம்பி ஊர் முழுக்க ஒரே பயிர் வைத்து, அவர் வராமல் போன அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. அம்பத்தூர், பாடி பட்டறைகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், சைக்கிள் மந்தமானால் கார், கார் மந்தமானால் ராணுவ வாகனம், அதுவும் இல்லாவிட்டால் பம்பு என்று பல கைகள் இருந்ததுதான்.

அடிப்படை வசதி சரியில்லை என்றால் இந்தப் பலமும் போதாது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்வெட்டு நம் பம்பு செட்டை நிறுத்தியதுபோலவே இந்தப் பட்டறைகளையும் நிறுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. இயந்திரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஏரி, கால்வாய், போக்குக் கால் ஆகியவை பாசனக்காரரின் கவலை என்று நகரம் நினைத்திருந்தது. பருத்திப்பட்டு ஏரியும் அம்பத்தூர் ஏரியும் சரியாக இருப்பது தொழிலுக்கும் வேண்டும் என்பதை வெள்ளம்தான் கற்றுக்கொடுத்தது.

உழவர் பக்கத்தில் இருந்ததால் வளர்ந்த கோவை

வேளாண்மைக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் கோயம்புத்தூர் பம்பு. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது, கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயிகள் ஏராளமாக இருந்தார்கள். பஞ்சாலைகளுக்கு வேலை செய்துகொண்டிருந்த பட்டறைகளும் இருந்தன. 1937-ல் மின்மோட்டார் அங்கேயே தயாரானது. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் பெயர்கள் அதனுடன் சேர்ந்தே பேசப்படுகின்றன.

மோட்டார் சூடானால் விவசாயி மறுநாளே அதை வண்டியில் ஏற்றிப் பட்டறை வாசலில் இறக்கிவிடுவார். "தண்ணி ஏறலை" என்று சத்தம் போடுவார். பட்டறைக்காரர் அவர் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார். அந்தச் சத்தம்தான் கோவை பம்பை நாடு முழுக்கக் கொண்டுபோனது என்று நான் மாணவர்களிடம் சொல்வது வழக்கம்.

சென்னையில் வேளாண் புத்தொழில் ஏன் திணறுகிறது?

சென்னையில் வசதிகளுக்குக் குறைவில்லை. 2010-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. கிராமப்புறப் புத்தாக்கத்துக்காக 2001-ல் தொடங்கிய வில்க்ரோ இருக்கிறது. வேளாண் கடனுக்கான சமுன்னதி 2014-லும், காய்கறி வணிகத்தில் இறங்கிய வேகூல் 2015-லும் இங்கேதான் தொடங்கின. தமிழ்நாடு அரசின் 'ஸ்டார்ட்-அப் டிஎன்' அமைப்பும் விதைநிதி கொடுக்கிறது. இருந்தும் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்த வேகத்தில் உழவுக்கான நிறுவனங்கள் வளரவில்லை. என் பார்வையில் காரணங்கள் மூன்று.

ஒன்று, தூரம். 1868-ல் வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது சென்னை சைதாப்பேட்டையில்தான். 1906-ல் அது கோவைக்குப் போனது. 1971-ல் வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மண்ணும் பயிரும் அதற்குச் சரியானதுதான். ஆனால் பணமும் பொறியாளர்களும் சென்னையில், பயிர் அறிவு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவையில் என்று ஆகிவிட்டது. சென்னை இளைஞர்கள் அருகிலேயே இருக்கும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் எட்டிப் பார்க்காமலேயே நெல்லுக்குச் செயலி எழுதுகிறார்கள்.

இரண்டு, காலம். மென்பொருளில் ஒரு தவறு கண்டால் அன்று இரவே திருத்தி மறுநாள் சோதிக்கலாம். நெல்லில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் சோதிக்க முடியும். மாமரத்தில் ஒரு முறைதான். முதலீட்டாளரோ அடுத்த காலாண்டுக் கணக்கைக் கேட்கிறார். பயிர் தன் பருவத்தில்தான் விளையும். கணக்கைக் காட்டுவதற்காக, சரியாகச் சோதிக்காத கருவியைப் பத்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். பழுது பார்க்க ஆள் இல்லாமல் பத்திலும் கெட்ட பெயர் வாங்குகிறார்கள்.

மூன்று, பொய்யான வாடிக்கையாளர். இலவசமாகக் கொடுத்த கருவியை யாரும் திட்டுவதில்லை. "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு மூலையில் போட்டுவிடுகிறோம். மானியம் இருக்கும்வரை வாங்குகிறோம். நிறுவனத்துக்கு உண்மை தெரிவதே இல்லை. அதில் நம் பங்கும் உண்டு. அம்பத்தூரில் ஆலை செய்த வேலையை, கோவையில் கிணற்றுக்காரர் செய்த வேலையை, இன்று நாம் செய்யவில்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

புதிய நிறுவனங்களை விரட்ட வேண்டாம். கண்டிப்பான வாடிக்கையாளராக இருங்கள். அதுவே உங்களுக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் நல்லது.

1. வயலைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரே மண், ஒரே ரகம், ஒரே நடவு நாள் உள்ள இடமாகப் பார்த்து, ஒரு பாதியில் புதிய முறை, மறு பாதியில் உங்கள் வழக்கமான முறை. அறுவடையைத் தனித்தனியாக எடை போடுங்கள். செலவையும் தனியாக எழுதுங்கள். மகசூல் கூடியதா என்பதைவிட, செலவு போகக் கையில் நின்றது கூடியதா என்று பாருங்கள்.

2. "உங்கள் கம்பெனி மூடினால் இது வேலை செய்யுமா?" என்று நேராகக் கேளுங்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கையடக்கக் கருவிக்கு இணையம் வேண்டாம். மண்ணில் குத்தினால் நிற விளக்கு ஈரத்தைச் சொல்லிவிடும். செயலியை நம்பும் கருவி என்றால், தகவல் கருவியிலேயே தெரியுமா என்று பாருங்கள்.

3. பழுது பார்ப்பவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். சென்னை எண்ணுக்கு அழைக்கச் சொன்னால் போதாது. அரை நாளில் வயலுக்கு வரக்கூடிய ஒருவரின் பெயர் வேண்டும்.

4. விளைபொருளை வாங்கும் நிறுவனம் என்றால், பணம் எத்தனை நாளில் என்று எழுதி வாங்குங்கள். கரும்புக்கு 14 நாளில் ஆலை பணம் கொடுக்க வேண்டும் என்று 1966 முதல் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. காய்கறிக்கும் பூவுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. ஒரு வண்டிச் சரக்குக்கு மேல் கடன் நிற்க விடாதீர்கள். பழைய பாக்கி வந்த பிறகே அடுத்த வண்டி.

5. விளைச்சல் முழுவதையும் ஒருவருக்கே கொடுக்காதீர்கள். உழவர் சந்தை, கோயம்பேடு, உள்ளூர் வியாபாரி என்று பழைய வழி ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். வழக்கமாக வாங்கும் வியாபாரியை ஒரு பருவ விலைக்காகப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

6. ரசீது வாங்குங்கள். அதில் உள்ள கம்பெனிப் பெயரை மத்திய கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால், அது நடப்பில் உள்ளதா, பதிவு நீக்கப்பட்டதா என்று தெரியும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் சில நிமிட வேலை. அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப் என்று அட்டை காட்டினால், அது பதிவுக்கான சான்று மட்டுமே. கருவி வேலை செய்யும் என்பதற்கான சான்று அல்ல.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை

தனி விவசாயி ஒருவர் இத்தனையும் கேட்பது கடினம். நூறு பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கேட்டால் பதில் வரும். உங்கள் வட்டாரத்தில் இயங்கும் உற்பத்தியாளர் நிறுவனத்தை, புதிய கருவிகளுக்கான சோதனைக் களமாக்குங்கள். ஐந்து வயல், ஒரு போகம், கட்டணத்துடன் சோதனை; முடிவை ஊர்க் கூட்டத்தில் வாசிப்பது. பிடித்தால் மொத்தமாக வாங்குவோம் என்ற உறுதி. ஒரு நேர்மையான புத்தொழில் நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பாடியில் பெரிய ஆலை கொடுத்த முதல் ஆர்டருக்குச் சமம் அது.

தொடங்க நினைக்கும் கிராமத்து இளைஞர்களையும் வழிகாட்டுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தொழில்வளர் காப்பகம் இருக்கிறது. மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் நபார்டு உதவியுடன் ஒரு காப்பகம் இயங்குகிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில் எண்ண நிலைக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், விதை நிலைக்கு 25 லட்சம் ரூபாய் வரையும் உதவி உண்டு. ஆனால் விண்ணப்பம் எழுதும் முன், பொருளைக் காசு கொடுத்து வாங்கும் பத்து விவசாயிகளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பத்துப் பெயர் எழுத முடியாவிட்டால் எண்ணத்தைத் திருத்த வேண்டும். அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிப்பதில் கிராமத்துப் பிள்ளைக்குச் சென்னைப் பிள்ளையைவிட வசதி அதிகம்.

ஈரப்பதக் கருவி வைத்திருந்த அந்த விவசாயி, போன மாதம் தொலைபேசியில் பேசினார். "வேற ஒரு கம்பெனிப் பசங்க வந்திருக்காங்க சார். வாங்கலாமா?" என்றார். மேலே சொன்ன கேள்விகளைத்தான் சொன்னேன். மறுநாள் திரும்ப அழைத்தார். கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்று கேட்டதும் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு அவர்களில் ஒருவர், "இதை நாங்க யோசிக்கலைங்க. கருவியிலேயே ஈரம் தெரியுற மாதிரி மாத்திக் கொண்டுவர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"வந்தா அரை ஏக்கர்ல வெச்சுப் பாக்குறேன் சார். காசு குடுத்துத்தான்" என்றார் அவர். அந்தப் பையன்கள் திரும்பி வந்தால், நான் பார்க்கப் போகும் முதல் வயல் அதுதான்.